கேட்காமலே சொன்ன சரி

ஜூன் 19, திங்கள்

கல்லூரி திறந்தது. இந்தப் பருவத்தில் எனக்குக் கொடுத்திருப்பது இரண்டாம் ஆண்டு பி.சி.ஏ. வகுப்பு. பாடம், ‘கணினி வலையமைப்பும் தொலைத்தொடர்பும்’. அறிமுகப் பாடம்தான் என்கிறார்கள். ஏழு வருடமாக சி மொழியையே நடத்திப் பழகியவளுக்கு அது புது ஊர்.

“உங்கள விட்டா ஆளில்ல நாகஜோதி” என்றார் துறைத்தலைவி. பிறகும் ஏதோ சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னதால் பிடிபடவில்லை. தலையாட்டினேன். கௌரவ விரிவுரையாளர் வேறு என்ன செய்வது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஆணை வந்தால்தான் எனக்கு வேலை.

பாடக் குறிப்புக்காக வாங்கிய நோட்டின் பின்பக்கத்திலிருந்து இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முன்னாலிருந்து பாடம், பின்னாலிருந்து நான்.

ஜூன் 22, வியாழன்

முதல் வகுப்பு. நாற்பத்திரண்டு பேர். மாடி வகுப்பறை, ஜன்னலைத் திறந்தால் மேற்கு மலை முழுதும் தெரிகிறது. பதினோரு மணிக்கு மேகம் இறங்கி வந்து மலையை ஒவ்வொரு வரியாக அழித்தது. பாடத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

பிறகு கரும்பலகையில் இரண்டு புள்ளிகள் வைத்து நடுவே ஒரு கோடு இழுத்தேன். “இவன் சொல்றது அவனுக்குப் போய்ச் சேரணும். இந்தப் பருவம் முழுக்க இவ்வளவுதான்” என்றேன்.

பின்வரிசைப் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். வாயைத் திறந்து பேசவே வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் என்னைப் பார்த்து, “மிஸ், கொஞ்சம் சத்தமா” என்கிறார்கள். எனக்கோ என் குரல் மண்டைக்குள் கணீரென்று கேட்கிறது.

ஜூன் 28, புதன்

மதியம் நல்ல மழை. துணி காயப் போட்டது நினைவுக்கு வந்து மாடிக்கு ஓடினேன். சுள்ளென்று வெயில். துணியெல்லாம் காய்ந்து விறைத்திருந்தது. மலைப்பக்கம் பெய்திருக்கும். காற்று சத்தத்தை இவ்வளவு தூரம் கொண்டுவருகிறது.

ஜூலை 5, புதன்

என் கணவர் சுருளிவேல் வழக்கம்போல் ஏழு மணிக்கு அழைத்தார். மலைமேல் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். சனிக்கிழமை இறங்கி வருவார், திங்கள் விடியலில் ஏறிவிடுவார். மற்ற நாட்களில் எங்கள் குடும்பம் நடப்பது போனில்தான்.

அங்கே டவர் சரியில்லை. வார்த்தைகள் நடுவில் கரைந்துபோகின்றன. இன்று படித்த பாடம் அதற்குப் பதில் சொன்னது. தொலைபேசி மனிதக் குரல் முழுவதையும் அனுப்புவதில்லையாம். அடிக்குரலில் கொஞ்சத்தையும் உச்சத்தில் கொஞ்சத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் அனுப்புகிறது. மனிதர்களுக்கு அதுவே போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். சுருளிவேலுக்கு அடித்தொண்டைக் குரல். வெட்டுப்படுவது அவர் குரலாகத்தான் இருக்கும்.

நாளை வகுப்பில் இதைச் சொல்ல வேண்டும். இவர் பெயரை விட்டுவிட்டு.

ஜூலை 15, சனி

வந்தார். “டிவிய ஏன் இவ்வளவு சத்தமா வச்சிருக்க? தெருமுக்குல கேக்குது” என்று கேட்டுக்கொண்டே குறைத்தார். பிறகு நான் செய்தி வாசிப்பவளின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான பல்வரிசை.

காது நன்றாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது நாலு வரிசை தள்ளி இரண்டு பெண்கள் சீட்டு பிடித்ததைப் பற்றிப் பேசினால்கூட ஒரு வார்த்தை தப்பாமல் விழுகிறது. அந்த இரைச்சலிலேயே கேட்கிறவளுக்கு வீட்டில் என்ன குறை வந்துவிடப் போகிறது.

அப்பாவின் அக்கா பொம்மி அத்தைக்குக் காது கேட்காது. கல்யாண வீடுகளில் அவளிடம் வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே “ஆமாமா” என்பாள். பந்தியே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், பத்து வயதில். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 24, திங்கள்

ஆய்வகம். கேபிளுக்குத் தலை மாட்டும் பயிற்சி. வயரின் மேல்தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம் என்று வரிசை மாறாமல் அடுக்கி, தலைக்குள் செருகி, பிளையரால் ஓர் அழுத்து. நாற்பத்திரண்டு பேரும் பூ கட்டுவதுபோல் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அறை நிறைய அமைதி. கீழே ஊரிலிருந்து ஏலக்காய் வாசனை ஏறி வந்தது.

ஏன் முறுக்கியிருக்கிறது மிஸ் என்று கேட்டாள் ரிஸ்வானா. முதல் வாரம் கடைசி பெஞ்சில் இருந்தவள், இப்போது முதல் பெஞ்சில், என் முகத்துக்கு நேரே உட்காருகிறாள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியையும் சமமாகப் பிடிக்கும், அதனால் அதைக் கழித்துவிடலாம் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, பின்னால் ஒரு பையன் கேட்டதை எனக்குத் திருப்பிச் சொன்னாள். கொஞ்சம் அதிகப்பிரசங்கி. ஆனால் வார்த்தைகளைத் தெளிவாக உச்சரிக்கிறாள்.

பொருத்தியதும் பச்சை விளக்குகள் ஒன்றொன்றாகச் சிமிட்டின. மழை மூட்டத்தில் அறை இருட்டிக் கிடந்ததால், யாரோ மின்மினிகளைப் பெட்டிக்குள் அடைத்ததுபோல் இருந்தது.

ஆகஸ்ட் 3, வியாழன்

பிள்ளைகள் இப்போது கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி முன்னால் அனுப்புகிறார்கள். யார் ஆரம்பித்தது தெரியவில்லை. நல்ல பழக்கம். கூச்சப்படும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். இன்று பதினொரு சீட்டுகள். ஒன்றில், “மிஸ், நீங்கள் கரும்பலகையைப் பார்த்துப் பேசும்போது எங்களுக்குக் கேட்பதில்லை” என்று இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

ஏழு மணிக்கு அழைத்தார். இன்று நிறையப் பேசினார். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் ஏதோ பழுது போலிருக்கிறது. குரல் மட்டும் வந்தது. கிணற்றடியில் யாரோ பேசுவதை மேலே நின்று கேட்பதுபோல், சொற்கள் இல்லாத குரல். அதுவும் ஒரு சுகம்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவர் நிறுத்திய இடங்களில் “ம்” என்றேன், “சரி” என்றேன். கடைசியில் ஏதோ கேட்டார். “சரி” என்றேன். மறுபடி கேட்டார். “சரிங்க” என்றேன்.

அப்புறம் சட்டென்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

மழைச் சத்தம். வெளியே போய்ப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 2, சனி

பெரிய சூட்கேஸ் ஒன்றுடன் வந்தார், புதிது. மேசையில் ஒரு காகிதத்தை வைத்தார். ஓமன். ஸ்டோர் மேற்பார்வை வேலை, இரண்டு வருடம். கீழே அவர் பெயர், பாஸ்போர்ட் எண்.

“இருவத்தெட்டாந்தேதிக்கு ஏஜென்ட் டிக்கெட் போட்டுட்டான். தோட்டத்துல சொல்லிட்டேன்” என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

எதுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார். “நீதான் சரின்னுட்டயே.”

“ஆமா” என்றேன்.

சூட்கேஸைத் திறந்து உள்ளே துடைத்து வெயிலில் வைத்தேன். புது ரெக்சின் வாசனை.

செப்டம்பர் 3, ஞாயிறு

என்றைக்குச் சொன்னேன் என்று நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஆகஸ்ட் 10 ஆகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது போய், அன்று நீங்கள் பேசியது எதுவும் விழவில்லை என்று சொல்ல முடியுமா? பிறகு ஏன் சரி என்றாய் என்பார். அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். எல்லாவற்றையும் என்றால் எதை? சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அவருக்கு நாலு சட்டைக்குப் பட்டன் தைத்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், நான் ஏதோ கூப்பிட்டதுபோல. நான் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 13, புதன்

வகுப்பில் ஒப்புகை பற்றிய பாடம். அனுப்புகிறவன் செய்தியைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் பிரித்து அனுப்புகிறான். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ‘வந்தது’ என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அதையே மறுபடி அனுப்புவான். பொறுமைசாலி. நாலு தடவை, ஐந்து தடவைகூட அனுப்புவான்.

ஒரு சீட்டு வந்தது, ரிஸ்வானாவின் கையெழுத்து. “வராத பாக்கெட்டுக்கு வந்தது என்று பதில் போனால் என்ன ஆகும் மிஸ்?”

“அனுப்பினவன் அடுத்ததுக்குப் போயிருவான். தொலஞ்சது தொலஞ்சதுதான். அதத் திரும்ப யாரும் அனுப்ப மாட்டாங்க” என்றேன். சொல்லி முடித்ததும் சாக்பீஸ் கையில் இருப்பதே மறந்துவிட்டது. மலைமேல் மேகம் அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மணி அடித்திருக்கிறது, பிள்ளைகள் எழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

எல்லோரும் போனபின் ரிஸ்வானா மட்டும் நின்றாள்.

“மிஸ், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. எங்க அத்தா லேத் பட்டறையில இருக்காரு. அவருக்கும் இப்படித்தான். நாங்க வீட்ல அவரு மொகத்தப் பாத்துத்தான் பேசுவோம்.”

“இப்படித்தான்னா?”

“பின்னால இருந்து கேக்குறது உங்களுக்கு விழுகல மிஸ். சீட்டு எழுதலாம்னு நாந்தான் சொன்னேன். கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். வெளிய யாருகிட்டயும் நாங்க சொல்லல.”

“எனக்கு ஒண்ணுமில்ல. நீ போயி பாடத்தப் படி” என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரியவில்லை. அந்தப் பெண் பின்வாங்கியதைப் பார்த்தால் நிறையச் சத்தமாகத்தான் வந்திருக்கும்.

ஜூன் கடைசியிலிருந்து நாற்பத்திரண்டு பேர் எனக்காகச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகஸ்டில்தான் ஆரம்பித்தார்கள் என்று நினைத்தேன். பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் ஜூன் 30 தேதியிட்டது ஒன்று இருக்கிறது, நான் கவனிக்காமல் நோட்டுக்குள் செருகி வைத்தது.

செப்டம்பர் 16, சனி

இவர் இறங்கி வரும்வரை காத்திருக்க முடியவில்லை. காலை பஸ்ஸில் நான் மேலே ஏறினேன்.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஊர் ஒரு சுற்றுச் சிறியதானது. பாதிக்கு மேல் மூடுபனி. கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தாளில் பஸ் போகிறது. பூப்பாறையில் இறங்கி ஜீப்பில் போனேன். ஜீப்காரர் தோட்டத்து வாசலில் விட்டார். ஏலச்செடிகளுக்கு நடுவே பாதை. ஆளுயரத்துக்கு மேல் இலைகள், ஒவ்வொரு நுனியிலும் நீர். வாசனையைப் பிடித்துக்கொண்டே ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

உள்ளே விறகு அடுப்பின் சூடு. ராட்சத விசிறி ஒன்று அனல் காற்றைத் தட்டுகளுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. பேயிரைச்சல். தட்டுகளில் பச்சைக் காய்கள் வெளிறிக்கொண்டிருந்தன. இவர் புகைக்கு நடுவே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

“என்ன ஜோதி, யாருக்கு என்ன?” கத்தித்தான் பேசினார். அங்கே கத்தாமல் பேச முடியாது. எனக்கு அவ்வளவும் விழுந்தது. இரண்டு வருடத்தில் அவர் பேசி இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

“யாருக்கும் ஒண்ணுமில்ல. அன்னைக்குப் போன்ல என்ன கேட்டீங்க?”

“என்னைக்கு?”

“ஓமன் விசயம். எந்த வார்த்தையில கேட்டீங்களோ அப்படியே திரும்பக் கேளுங்க.”

காய் புரட்டிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ரெண்டு வருசத்துக்கு ஒரு வேலை வருது, நான் போகவா, இல்ல இங்கனயே உங்கூட இருக்கவான்னு கேட்டேன். நீ சரின்ன. எதுக்குச் சரிங்கிறன்னு கேட்டேன். அதுக்கும் சரிங்கன்ன.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. பொம்மி அத்தை இப்படித்தான் சிரித்திருப்பாளோ என்னவோ.

“எனக்குக் காதுல விழுகலங்க.”

“டவரு கெடைக்கலயா?”

“டவரு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் காது கேக்கல. ரொம்ப நாளா.”

அவர் விசிறியை நிறுத்தப் போனார். நான் கையைப் பிடித்தேன். “வேணாம், ஓடட்டும். இதுலதான் நீங்க பேசுறது நல்லாக் கேக்குது.”

நம்பாமல் பார்த்தார். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளேயே சொன்னார். “கொழந்த தங்காமப் போனதுல இருந்து எங்கூடப் பேசுறதே ஒனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன் ஜோதி. நான் எது சொன்னாலும் ம், சரி. அவ்வளவுதான். வேணாம், போகாதீகன்னு நீ ஒரு வார்த்த சொல்லுவன்னுதான் போன் பண்ணினேன்.”

குழந்தையைப் பற்றி இந்த நோட்டில் நான் எழுதவே இல்லை. எழுதக் கூடாது என்று இருந்தேன்.

“வேணாம். போகாதீங்க” என்றேன்.

கத்தித்தான் சொன்னேன். அந்தப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 23, சனி

மதுரை. காது மருத்துவர் ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஊன்றினார். தலைக்குள் ஒரு நீண்ட இனிமையான சத்தம், தம்புராவைத் தொட்டுவிட்டதுபோல. திடுக்கிட்டேன். “நரம்பு நல்லா இருக்கும்மா. சத்தம் வர்ற வழியிலதான் அடைப்பு” என்றார். காதுக்குள் அரிசிக் குருணை அளவு எலும்பு ஒன்று அசைய வேண்டுமாம். எனக்கு அது இறுகிக் கிடக்கிறது. இரைச்சலில் நன்றாகக் கேட்பது இந்த வியாதியின் குணம்தான் என்றார், அங்கே எல்லோரும் கத்திப் பேசுவதால். மழையே இல்லாமல் எனக்குக் கேட்ட மழைச் சத்தமும் இதன் குணம். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். பிள்ளை உண்டாகும்போது இது கூடுமாம்; உண்டாகியிருந்தீர்களா என்று கேட்டார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு தடவ சார்” என்றார்.

அறுவை சிகிச்சை செய்யலாம். அதற்கு முன் கருவி வைத்துப் பார்க்கலாம் என்றார். அளவெடுத்தார்கள்.

செப்டம்பர் 28, வியாழன்

விமானம் இவர் இல்லாமல் போயிருக்கும். தோட்டத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். டவுனில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு கடையில் கேட்டு வந்திருக்கிறார். ஏஜென்ட் திட்டிய திட்டு எனக்கே கேட்டது.

அக்டோபர் 5, வியாழன்

வகுப்பில் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரி யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், “எனக்குக் காது சரியாக் கேக்காது. உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இப்ப எனக்கும் தெரியும்” என்றேன். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து சந்தனகுமார் எழுந்து, வாய் நிறையத் திறந்து கேட்டான். “அப்ப இனிமே சீட்டு வேணாமா மிஸ்?”

“வேணும்” என்றேன். “நீ வாயத் தொறக்குறதப் பாத்தா பயமா இருக்கு.” வகுப்பு சிரித்தது. சிரிப்பு கேட்டது; அல்லது பார்த்தேன்.

ரிஸ்வானாவிடம் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “எங்க அத்தா இதவிடக் கத்துவாரு மிஸ்” என்றாள்.

துறைத்தலைவியிடமும் சொன்னேன். அடுத்த ஆண்டு ஆணை வராமல் போகுமோ என்ற பயத்தோடுதான். ஜன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார். “மேடம், இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க” என்றேன். திரும்பினார். “செய்முறைத் தேர்வுப் பட்டியல் திங்கக்கெழமைக்குள்ள வேணும்னேன். ஆணைக்கு உங்க பாஸ் சதவீதத்தத்தான் பாப்பாங்க, காத இல்ல” என்றார்.

நவம்பர் 4, சனி

கருவியை இன்று வாங்கி மாட்டிவிட்டார்கள். உலகம் இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பிளாஸ்டிக் பை நெருப்புபோல் சடசடக்கிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் முனகுகிறது. குழாயில் தண்ணீர் விழுந்ததற்குப் பயந்து திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “கேக்குதா ஜோதி?” என்றார்.

கேட்டது. ஆனால் அது எனக்குத் தெரிந்த குரல் இல்லை. கம்மிப்போய், ஓரமெல்லாம் உரசிக்கொண்டு, பத்து வயது கூடியவரின் குரல்.

“எப்ப இருந்து தொண்ட இப்படிக் கட்டியிருக்கு?”

“அதுவா. ரெண்டு வருசமாச்சு. ஸ்டோர்ப் பொகை.”

“சொல்லவே இல்லையே.”

“நீ கேக்கலயே” என்றார்.

எந்தக் கேட்பதைச் சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை அவரை மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஏதாவது பேசச் சொன்னேன். என்ன பேச என்றார். எதுவானாலும் என்றேன். கடையில் இன்று வந்த காயில் ஈரம் அதிகம் என்று ஆரம்பித்தார். நான் அவர் உதட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். புதுக் குரல்தான். பழகிக்கொள்ள வேண்டும்.